பதினெட்டு டிகிரியில் ஐந்து மடங்கு

மேக்கரட்டுப்புதூரில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அந்த ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் போகிற ஒரு பேருந்துக்கு அதுதான் கடைசி நிறுத்தம். ஒருநாள் நடத்துநர் "எல்லாரும் எறங்குங்க" என்று சொல்ல, பேருந்து நிற்பதற்கு முன்பே ஓட்டுநரும் இறங்கிவிட்டாராம். விசாரித்ததில் அவர் அந்த ஊர் மாப்பிள்ளை என்று தெரிந்தது. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு, ரேக்ளா. இரண்டு இளங்காளைகளைச் சின்ன வண்டியில் பூட்டி, இருநூறு மீட்டரை எத்தனை வினாடியில் ஓடி முடிக்கின்றன என்று பார்க்கும் பந்தயம். அதற்கு ஊரில் ஒரு மன்றம் இருந்தது. தலைவர் பொங்கியண்ணன், செயலாளர் சென்னியப்பன், நேரம் பிடிப்பவர் குழந்தைவேலு. குழந்தைவேலுவின் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். தன் கல்யாணத்தில் தாலி கட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் இன்றைக்கும் நூறில் ஒரு வினாடி பிசகாமல் சொல்வார். பெண்டாட்டியின் பெயரைச் சொல்லத்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

அந்த ஊரில் யோசிக்கிற பழக்கம் உள்ள ஆள் ஒருவர் இருந்தார், தெய்வாத்தாள். பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிறவர். அவரிடம் மயிலை, செவலை என்று இரண்டு காளைக் கன்றுகள் இருந்தன. அவற்றைப் பெற்ற பிள்ளைகளைப்போல வளர்த்தார். விடிந்ததும் குளத்தில் நீச்சல், பிறகு பருத்திக்கொட்டை, சாயங்காலம் மண் பாதையில் ஓட்டம். அவற்றை ஒருமுறையாவது பந்தயத்தில் ஓட விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அதில் இரண்டு சிக்கல். பந்தயத்துக்கு நூறு ஜோடிகளைத்தான் சேர்ப்பார்கள். இணையத்தில் காலை பத்து மணிக்குப் பதிவு திறந்தால் நாலு நிமிடத்தில் நிரம்பிவிடும். அந்தந்த ஊர் மன்றத்தின் கடவுச்சொல்லோடுதான் பதிய முடியும். மேக்கரட்டுப்புதூர் மன்றத்துக் கணினியில் அந்தப் பக்கம் திறக்கவே இருபது நிமிடம் ஆகும். மூன்று வருடமாக அந்த ஊர்க் காளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்தன.

இரண்டாவது சிக்கல் செவலையின் வாயில் இருந்தது. பால்பல் விழாத காளைகளுக்குத்தான் இருநூறு மீட்டர். பல் விழுந்துவிட்டால் பெரிய காளைகளோடு முந்நூறு மீட்டர் ஓட வேண்டும், அதில் இந்தக் குட்டிகள் எடுபடாது. செவலையின் முன்பல் ஆட ஆரம்பித்திருந்தது. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

"நானே வேற எங்கயாச்சும் பதிஞ்சுக்கறனுங்கண்ணா. அந்தக் கடவுச்சொல்ல மட்டும் குடுங்க" என்று தெய்வாத்தாள் கேட்டுப் பார்த்தார்.

"அது மன்றத்து ரகசியம் அம்மிணி" என்றார் பொங்கியண்ணன். உண்மையில் மூவருக்கும் அது நினைவில் இல்லை. மறந்துவிடுமே என்று பழைய கணினியின் நெற்றியில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ரகசியம் என்பதால் அதை அவர்கள் படிப்பதும் இல்லை.

பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது செய்தித்தாளுக்குள் இருந்து ஒரு விளம்பரத் தாள் விழுந்தது. சென்னியப்பன் அதை உரக்கப் படித்தார்.

"புத்தம் புதிய கணினி! வேகச் சோதனையில் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்! பழைய கணினியைவிட ஐந்து மடங்கு வேகம்!"

"எந்தப் பழைய கணினிய விடவாம்?" என்றார் பொங்கியண்ணன்.

"அது போடலீங்க."

"நம்மகிட்ட பழசு ஒண்ணுதான இருக்குது?"

"ஆமாங்க."

"அப்ப நம்முளுதத்தான் சொல்றாங்க."

மூவருக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் எங்கோ இருக்கிற கம்பெனிக்கு இந்த ஊர்க் கணினியைப்பற்றி எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வந்தது. வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுக் குழந்தைவேலு தொடையைத் தட்டினார்.

"போன மாசம் குடை ரிப்பேருன்னு ஒருத்தன் வந்தானே, மன்றத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தானுங்க."

"அவனேதான்! அளந்துட்டுப் போயிருக்கான்" என்றார் பொங்கியண்ணன். "நெம்பப் பொறுப்பான கம்பெனி."

குழந்தைவேலு அதற்குள் விரல் விட்டுக் கணக்குப் போட்டு முகம் வாடிப்போனார். பழையது இருபது நிமிடம். ஐந்து மடங்கு வேகம் என்றால் நாலு நிமிடம். பதிவும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். புதுக் கணினி போய்ச் சேரவும் கதவை மூடவும் சரியாக இருக்கும்.

மன்றம் அவசரமாகக் கூடியது. அதாவது, ஏற்கெனவே கூடியிருந்த மூவரும் எழுந்து ஒருமுறை உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் யோசித்தபிறகு சென்னியப்பனுக்கு ஒரு வழி தோன்றியது.

"புதுசு எப்பவும் பழசவிட அஞ்சு மடங்கு. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்குது. அப்ப பழசோட வேகத்தக் கூட்டுனா?"

"கூட்டுனா?"

"புதுசோட வேகம் தன்னால கூடிரும்!"

பொங்கியண்ணன் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். மறுநாளே உடுமலையில் இருந்து கணினி மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் பழையதைப் பிரித்தார். உள்ளே இருந்து ஒரு கிலோ தூசியும், ஒரு பல்லியும், சென்னியப்பன் ரொம்ப நாளாகத் தேடிய மூக்குக்கண்ணாடியும் வெளியே வந்தன. என்னென்னமோ மாற்றி மூடினார். பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது.

"போதுமுங்களா?" என்றார் மெக்கானிக்.

"தாராளமா போதும். இனி இது எதுக்கும் வேண்டியதில்ல" என்று சொல்லிப் பழையதை ஒரு துணியால் மூடிவிட்டு மூவரும் புதுசு வாங்கப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார்கள்.

தெய்வாத்தாளும் கூடப் போனார். இவர்களைத் தனியே அனுப்ப அவருக்கு மனது வரவில்லை.

கடையில் அருள்மணி என்ற விற்பனையாளர் கும்பிட்டு வரவேற்றார். மன்றத்தார் சந்தையில் காளை வாங்கும் முறைப்படியே எல்லாவற்றையும் பார்த்தார்கள். சென்னியப்பன் சுழி தேடினார். பின்பக்கம் காற்றாடி இருந்த இடத்தில் வட்டமாக ஒன்று இருந்தது, ராசியான இடம்தான் என்றார். குழந்தைவேலு பல் எண்ணுவதாக நினைத்து விசைகளை எண்ணி, நூற்றுக்கு மேல் போனதும் பயந்து நிறுத்திக்கொண்டார். பொங்கியண்ணன் கணினியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். காளையாக இருந்தால் சிலிர்க்கும். இது அசையாமல் நின்றது.

"சாதுவான உருப்படி" என்றார் அவர்.

அருள்மணி சோதனையை ஓட்டிக் காட்டினார். திரையில் நூற்றுக்கணக்கான மீன்கள் நீந்தின, கண்ணாடிப் பந்துகள் உருண்டன, ஒரு கோட்டை இடிந்து விழுந்தது. கடைசியில் பெரிய எழுத்தில் 48,612 என்று வந்தது. மூவரும் கைதட்டினார்கள்.

"ஏனுங்க சார், அந்தப் பந்தயப் பதிவுப் பக்கத்தக் கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்" என்றார் தெய்வாத்தாள்.

அருள்மணி தலையைச் சொறிந்தார். "அது சோதனையில இல்லீங்கம்மா."

"நான் மீனு வளக்கப் போறதில்லீங்களே சார். எனக்கு வேண்டியது அந்தப் பக்கம்தானுங்க."

"சோதனையில இல்லாததக் கேட்டு அவரச் சங்கடப்படுத்தாத அம்மிணி" என்று பொங்கியண்ணன் அதட்டினார்.

தெய்வாத்தாள் விடவில்லை. "எங்க சொசைட்டிக்குச் சில பேரு பால் கொண்டாருவாங்க. சோதனைக்கு நீட்டற டம்ளர்ல பாலு கெட்டியா இருக்கும். கேனத் தொறந்தா தண்ணியா இருக்கும். இந்த எண்ணு டம்ளர்ப் பாலுங்களா, கேன் பாலுங்களா?"

அருள்மணி நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டம்ளர்தானுங்கம்மா. விளம்பரத்துல ஓரமா ஒரு நட்சத்திரம் இருக்குது பாருங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல எழுதியிருக்கும்" என்றார்.

திரும்பக் கிடைத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சென்னியப்பன் பொடி எழுத்தைப் படித்தார். "எங்கள் ஆய்வகத்தில், பதினெட்டு டிகிரி குளிரில், வேறு எந்த வேலையும் நடக்காதபோது, நாங்களே அளந்தது. உங்கள் இடத்தில் மாறலாம்."

"பாத்தீங்களாண்ணா?" என்றார் தெய்வாத்தாள்.

"பாத்தேன் அம்மிணி" என்றார் பொங்கியண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது. "எப்புடிப் பராமரிக்கோணும்னு எவ்வளவு அக்கறையா எழுதிக் குடுத்திருக்காங்க!"

ஊரில் பதினெட்டு டிகிரி குளிர் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை. அங்கேதான் ஏசி இருந்தது. புதுக் கணினியை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்கள். கண்ணாடியில் பழைய மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள் இருந்தன. அந்த மாதம் இரண்டு மணப்பெண்கள் பந்திக் கூடத்தில், சாம்பார் வாளிகளுக்கு நடுவே அலங்காரம் செய்துகொண்டார்கள். ஊர் நன்மைக்கு என்று அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, வேறு எந்த வேலையும் நடக்கக்கூடாது என்ற நிபந்தனை. பழைய கணினி மன்றத்திலேயே இருந்தால் அது ஏதாவது வேலை செய்து தொலைக்குமோ என்ற பயத்தில் அதைத் தெய்வாத்தாளின் மாட்டுச் சாளைக்கு அனுப்பிவிட்டார்கள். நெற்றியில் ஒட்டிய காகிதத்தோடு அது போய்ச் சேர்ந்தது. தெய்வாத்தாள் அதை ஒருமுறை பார்த்தார், துணியை எடுத்தார், தூசி தட்டினார்.

இதற்கிடையில் செவலையின் பல்லை மன்றம் தினமும் மேற்பார்வை இட்டது. கடினமாக எதையும் மென்றால் பல் விழுந்துவிடும் என்று குழந்தைவேலு வீட்டில் இருந்து இட்லி கொண்டுவந்தார். செவலை இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டையும் கடித்தது. பல் இன்னும் கொஞ்சம் ஆடியது.

பதிவு நாள் வந்தது. காலை ஒன்பதரைக்கே மூவரும் கம்பளி போர்த்திக்கொண்டு மணமகள் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை எதுவும் நடக்கக்கூடாதே, அதனால் கையைக் கட்டிக்கொண்டார்கள். சென்னியப்பனுக்கு மூக்கு அரித்தது. சொறிவது வேலையா என்று கண்ணாலேயே கேட்டார். பொங்கியண்ணன் கண்ணாலேயே ஆமாம் என்றார்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது குழந்தைவேலு மெல்ல, "பதிவுப் பக்கத்தத் தொறக்கட்டுங்களா?" என்றார்.

"சோதனைய ஓட்டு மொதல்ல. எண்ணு சரியா வருதான்னு பாக்கோணும்" என்றார் பொங்கியண்ணன்.

"ரெண்டையும் சேத்து ஓட்டுனா என்னுங்க?"

பொங்கியண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"குழந்தைவேலு, பக்கத்தத் தொறக்கறது இந்தக் கணினிக்கு வேற வேலையா, இல்லியா?"

"வேற வேலதானுங்க."

"வேற வேல நடந்தா அந்த எண்ணு வருமா?"

"வராதுங்க."

"எண்ணு வரலீன்னா அது வேகமான கணினியா?"

"இல்லீங்க."

"வேகமில்லாத கணினியில பதிஞ்சா நமக்கு எடம் கெடைக்குமா?"

குழந்தைவேலு தலை குனிந்து சோதனையை ஓட்டினார். மீன்கள் நீந்தின. பந்துகள் உருண்டன. கோட்டை இடிந்து விழுந்தபோது மணி பத்து அடித்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. திரையில் 48,790 என்று வந்தது. கம்பெனி சொன்னதைவிட நூற்றெழுபத்தெட்டு அதிகம்! மூவரும் கம்பளியோடு எழுந்து ஆடினார்கள். ஆடி முடித்துச் சாவகாசமாகப் பதிவுப் பக்கத்தைத் திறந்தார்கள். அது கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் மாட்டுச் சாளையில் இருந்தது. கடவுச்சொல் கேட்ட கட்டத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'பதிவு முடிந்தது' என்றும் இருந்தது.

தெய்வாத்தாளிடம் யார் சொல்வது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே போனார்கள். அவர் ஆசையாக வளர்த்த ஜோடி என்பது அவர்களுக்கும் தெரியும். சாளை வாசலில் பொங்கியண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மிணி, எண்ணு வந்துருச்சு. எடந்தான் வரல" என்றார்.

தெய்வாத்தாள் பருத்திக்கொட்டை ஆட்டிய கையைத் துடைத்துக்கொண்டு பழைய கணினியின் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசை எண் 37, மயிலை, செவலை, மேக்கரட்டுப்புதூர். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இதுலயே பதிஞ்சுட்டனுங்கண்ணா. ரெண்டே நிமிஷந்தான் ஆச்சு" என்றார்.

குழந்தைவேலுவின் விரல்கள் அசைந்தன. பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பழசுல ரெண்டு நிமிஷம்னா, புதுசுல இருபத்தினாலே வினாடியில முடிஞ்சிருக்குமுங்க!"

"அட, எப்பேர்ப்பட்ட கணினி!" என்றார் பொங்கியண்ணன். அன்று மத்தியானமே மணமகள் அறைக்குப் போய்ப் புதுக் கணினிக்கு மாலை போட்டார்கள்.

பந்தய நாள் காலை. தெய்வாத்தாள் எழுந்து சாளைக்குப் போனார். மயிலையும் இல்லை, செவலையும் இல்லை. கயிறு மட்டும் கிடந்தது. குளத்துக்கு ஓடினார், மண் பாதைக்கு ஓடினார், யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். வண்டி பூட்டி மைதானத்துக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது உள்ளே இருந்து ஒரு தும்மல் கேட்டது. மனிதத் தும்மல் இல்லை.

மணமகள் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு காளைகளும் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு ஆளுயரக் கண்ணாடியில் தங்களைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கணினித் திரையில் மீன்கள் நீந்தின. குழந்தைவேலு ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்து, "உஷ்" என்றார்.

"என்னடா பண்றீங்க என்னோட கன்னுக்குட்டிகள?" தெய்வாத்தாள் கத்தினார். அண்ணா, நொண்ணா எல்லாம் அந்தக் கணத்தில் பறந்துவிட்டது.

"பதினெட்டு டிகிரி அம்மிணி" என்றார் பொங்கியண்ணன் ரகசியக் குரலில். "விடிகாலம் இருந்து வெச்சிருக்கோம். முழு வேகமும் ஏறிட்டு வருது."

"இன்னும் ஒரு மணி நேரத்துல ஓடோணும்!"

பொங்கியண்ணன் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "ஓடறதா? ஓடறது வேற வேல அம்மிணி! வேற வேல செஞ்சா வேகம் போயிரும்!"

தெய்வாத்தாள் மூலையில் இருந்த மணவறைக் குத்துவிளக்கைக் கையில் எடுத்தார். அதற்குப்பிறகு அந்த அறையில் யார் எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்பதைக் குழந்தைவேலு அளக்கத் தவறிவிட்டார், அவரும் ஓடிக்கொண்டிருந்ததால்.

பந்தயத்தில் மயிலையும் செவலையும் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பேசுவார்கள். குளிரில் விறைத்துப்போயிருந்த குட்டிகளுக்கு வெயிலைக் கண்டதும் அப்படி ஒரு குஷி. இருநூறு மீட்டர், சரியாகப் பதினாறு வினாடி, முதல் இடம். கோட்டைத் தாண்டி நின்றதும் செவலை பலமாக இன்னொரு தும்மல் போட்டது. அதோடு பால்பல் தெறித்து மண்ணில் விழுந்தது. தெய்வாத்தாள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்.

மன்றத்தார் மூவரும் தள்ளி நின்று, நெற்றி வீக்கத்தைத் தடவியபடி யோசித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு வினாடி என்பது அவர்களுக்கு ஏனோ உறுத்தியது.

"இந்தப் பதிவு எந்தக் கணினியில நடந்துது?" என்றார் சென்னியப்பன் மெதுவாக.

"பழசுலதானுங்க. புதுசுல நடந்திருந்தா அஞ்சு மடங்கு..." என்றார் குழந்தைவேலு. சொல்லும்போதே விரல்கள் மடங்க ஆரம்பித்துவிட்டன.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய பலகை நின்றது. மயிலையும் செவலையும் சால்வையோடு நிற்கும் படம். அதற்குக் கீழே, 'மேக்கரட்டுப்புதூர்க் காளைகள்! இருநூறு மீட்டர், 3.2 வினாடி!' என்று ஆளுயர எழுத்து. ஓரத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்குக் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், 'எங்கள் மணமகள் அறையில், பதினெட்டு டிகிரி குளிரில், காளைகள் நின்றுகொண்டிருந்தபோது, நாங்களே அளந்தது.'